ஓய்வு பெற்றவர் ஏன் போராட்டப் பந்தலில் அமர்கிறார்?

மத்திய அரசு ஊழியர்களின் ஊதியத்தைச் சீரமைக்க எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டுள்ளது. நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான இக்குழுவின் ஆய்வு வரம்புகளுக்கு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 50 லட்சம் ஊழியர்களையும் 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஓய்வூதியர்களையும் பாதிக்கும் விடயம் இது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வளாகத்தில் நின்று பேசும் ஓய்வு பெற்றோரிடையேகூட இதுவே பேச்சு. நமக்கு எவ்வளவு கூடும்? எப்போது கிடைக்கும்?

இப்படிக் கேட்பதில் தவறேதும் இல்லை. ஆனால் இந்த வரிசையில் நிற்கவே இடம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிரிவினர் உண்டு. அவர்கள்தாம் கிராம அஞ்சல் ஊழியர்கள். 'ஜி.டி.எஸ்.' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறவர்கள். தங்களையும் ஊதியக் குழுவின் வரம்புக்குள் சேர்க்க வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் கோரிக்கை. அந்தக் கோரிக்கைக்காக அவர்கள் போராடிய நாட்களில், ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு நிம்மதியாக வீட்டில் இருந்திருக்கக்கூடிய முதியவர்கள் சிலரும் அவர்களோடு வந்து அமர்ந்தார்கள். அவர்கள் அமர்ந்ததற்கான காரணத்தை நம் விசுவாசத்தின் ஒளியில் சிந்திக்க விழைகிறோம்.

யார் இந்தக் கிராம அஞ்சல் ஊழியர்கள்?

முழுநேர ஊழியரை நியமிக்கும் அளவுக்கு வேலை இல்லாத சிற்றூர்களில் குறைந்த செலவில் அஞ்சல் சேவை வழங்க, 150 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேய அரசு ஓர் ஏற்பாடு செய்தது. ஊரில் வேறு வருமானம் உள்ள பள்ளி ஆசிரியரோ கடைக்காரரோ விவசாயியோ ஒருசில மணி நேரம் அஞ்சல் வேலையையும் கவனித்துக்கொள்வார். அதற்கு ஒரு சிறு படி கொடுக்கப்படும். துறைக்கு வெளியே இருந்து பணிபுரிபவர் என்ற பொருளில் இவர்களை 'இ.டி.' ஊழியர் என்றார்கள்.

அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. நாட்டில் உள்ள ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களில் பெரும்பாலானவை கிராமக் கிளை அஞ்சலகங்களே. 2018-ஆம் ஆண்டு அரசு தந்த கணக்கின்படி 1,29,346 அஞ்சலகங்களைக் கிராம அஞ்சல் ஊழியர்களே நடத்தி வந்தார்கள். கடிதம் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. சேமிப்புக் கணக்கு, கிராம அஞ்சல் ஆயுள் காப்பீடு, செல்வமகள் சேமிப்புத் திட்டம் எல்லாம் அவர்கள் கையில். 2018 செப்டம்பர் 1 அன்று இந்திய அஞ்சல் கட்டண வங்கி தொடங்கப்பட்ட பின், வீடு தேடிச் சென்று பணம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் அவர்களைச் சேர்ந்தது. கிளை அஞ்சலகத்துக்கு இடம் தேடித் தருவதும் பெரும்பாலும் அந்த ஊழியரின் பொறுப்பே.

இவர்களது நிலை விசித்திரமானது. இவர்கள் வகிப்பது அரசுப் பதவியே என்று 1977-இல் ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இவர்கள் மத்திய அரசின் நிரந்தரப் பணித்தொகுதிக்கு வெளியே உள்ளவர்கள் என்று பணி விதிகள் சொல்கின்றன. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்பதும், பிழைப்புக்கு வேறு வழி வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. இவர்கள் பெறுவதற்கு 'ஊதியம்' என்ற பெயர்கூட இல்லை. வேலை நேரத்தோடு இணைந்த 'படி' என்றே பெயர்.

ஒவ்வோர் ஊதியக் குழுவின் காலத்திலும் இவர்களுக்கெனத் தனிக் குழு போடப்பட்டது. ஐந்தாவது ஊதியக் குழுவின் காலத்தில் நீதிபதி சரண்ஜித் தல்வார் குழு, ஆறாவதன் காலத்தில் நடராஜமூர்த்தி குழு, ஏழாவதன் காலத்தில் கமலேஷ் சந்திரா குழு. கமலேஷ் சந்திரா குழு 2016 நவம்பரில் அறிக்கை தந்தது. ஓராண்டு கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. எனவே 2018 மே 22 அன்று காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது.

பதினாறு நாட்கள்

கோடை வெயிலின் உச்சத்தில் 16 நாட்கள் அப்போராட்டம் நீடித்தது. 'வேலை இல்லையேல் கூலி இல்லை' என்பது விதி. அப்போது மாதம் சில ஆயிரம் மட்டுமே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்குப் பதினாறு நாள் வருமான இழப்பு என்பது அரிசிக் கடையில் கடன் சொல்ல வேண்டிய நிலை. ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை புதிய படிவிகிதத்துக்கு ஒப்புதல் அளித்தது. கிளை அஞ்சல் அதிகாரிக்கு 4 மணி நேர வேலைக்கு 12,000 ரூபாய், 5 மணி நேர வேலைக்கு 14,500 ரூபாய். உதவியாளர்களுக்கு 10,000 ரூபாயும் 12,000 ரூபாயும். இத்தொகையோடு அகவிலைப்படியும் சேரும். 3.07 லட்சம் பேர் இதனால் பயன்பெறுவார்கள் என்று அரசு அறிவித்தது.

அந்த நாட்களில் தென் மாவட்டம் ஒன்றின் சிறு நகரில், தலைமை அஞ்சலகத்தின் எதிரே போடப்பட்டிருந்த பந்தலில் 72 வயது முதியவர் ஒருவரைக் கண்டோம். வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர். ஊரார் அவரைப் 'போஸ்ட்மேன் ஐயா' என்றே அழைப்பார்கள். 1967-இல் இ.டி. ஊழியராகச் சேர்ந்து, பதினொரு ஆண்டுகளுக்குப் பின் தேர்வு எழுதித் தபால்காரராகி, 2006-இல் ஓய்வு பெற்றவர். "உங்களுக்கு இதில் என்ன வரப்போகிறது?" என்று கேட்டோம். "எனக்கு வரவேண்டியது வந்துட்டு. அதனாலதான் இங்க உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

பிறகு தம்மோடு ஒரே தபால் பையைப் பங்கிட்டு வேலை செய்த கிளை அஞ்சல் அதிகாரி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்தப் பெண்மணி தம் வீட்டுத் திண்ணையையே அஞ்சலகமாக்கி 38 ஆண்டுகள் நடத்தினாராம். 65 வயதில் ஒரு தொகையோடு விடைபெற்றார். அதன்பின் மாதம் பிறந்தால் கைக்கு ஒன்றும் வருவதில்லை. "தேர்வு எழுதித் தப்பிச்சவன் நான். தப்பிக்க முடியாதவங்க அவங்க. வேலை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்." இவ்வளவே அவர் தந்த விளக்கம்.

ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல

அவர் சொன்னதன் ஆழத்தைப் புரிந்துகொள்ள ஓய்வூதியத்தின் வரலாற்றைச் சற்று நோக்க வேண்டும். ஆண்டுதோறும் டிசம்பர் 17 அன்று நம் நாட்டில் ஓய்வூதியர் தினம் கொண்டாடப்படுகிறது. 1982-ஆம் ஆண்டு அந்நாளில்தான் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. ஓய்வூதியம் என்பது எஜமானர் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல, கடந்த கால உழைப்புக்கான உரிமை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

ஓய்வூதியம் உழைப்பின் உரிமை என்றால், உழைத்த எல்லோருக்கும் அது உரியது. ஆனால் இன்று அஞ்சல் துறையில் மூன்று வரிசைகள் உள்ளன. 2004-க்கு முன் நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர்கள். 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு முறை. அவர்கள் விரும்பித் தெரிந்துகொள்ளும் வகையில் 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டமும் வந்துள்ளது. கிராம அஞ்சல் ஊழியர் நிற்பது மூன்றாம் வரிசையில். அவருக்கு ஒரு சேமிப்புத் திட்டமும் பணிக்கொடையும் உண்டு. 2018-இல் அப்பணிக்கொடையின் உச்ச வரம்பு 60,000 ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மற்ற இரு வரிசையினருக்கும் உள்ளதுபோன்ற அரசு ஓய்வூதியம் அவருக்கு இல்லை. இ.டி. ஊழியராகப் பணியாற்றி, பின்னர் நிரந்தரப் பணிக்கு வந்தவர்களுக்கும் அந்தத் தொடக்க ஆண்டுகளை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2023 டிசம்பர் 12 அன்று கிராம அஞ்சல் ஊழியர்கள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நீண்ட காலம் பணியாற்றியவர்களுக்கு ஊதிய உயர்வு என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. 2024 மார்ச்சில் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. 12 ஆண்டுகள் முடித்தவருக்கு ஆண்டுக்கு 4,320 ரூபாய், 24 ஆண்டுகளுக்கு 5,520 ரூபாய், 36 ஆண்டுகளுக்கு 7,200 ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால், பன்னிரண்டு ஆண்டு அனுபவத்துக்கு 360 ரூபாய். பயனுள்ள ஒரு முதல் படி என்று இதை வரவேற்கலாம். ஆயினும் முப்பத்தாறு ஆண்டு உழைப்பின் மதிப்பு மாதம் 600 ரூபாய்தானா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் நடந்தது

மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்ட உவமை நாம் நன்கு அறிந்ததே. விடியற்காலையில் வந்தவருக்கும், பொழுது சாயும் வேளையில் வந்தவருக்கும் தோட்ட உரிமையாளர் ஒரே கூலியைக் கொடுக்கிறார். நாள் முழுதும் வெயிலில் வெந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முணுமுணுத்தவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. பேசிய கூலி அவர்கள் கையிலேயே இருந்தது. கடைசியில் வந்தவனும் அன்றிரவு தன் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க வேண்டியவன் என்பதை மட்டும் அவர்கள் பார்க்க மறுத்தார்கள். தனக்குக் கிடைத்தது பிறருக்கும் கிடைக்கும்போது அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக எண்ணுவது மனித பலவீனம்.

இந்த முணுமுணுப்பு அஞ்சல் துறையிலும் கேட்காமல் இல்லை. "நாங்கள் போட்டித் தேர்வு எழுதி வந்தோம். அவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் வந்தவர்கள். நாங்கள் எட்டு மணி நேரம், அவர்கள் ஐந்து மணி நேரம். இருவரும் ஒன்றா?" இக்கேள்வியில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. வேலை நேரத்துக்கேற்ற ஊதியம் என்பது ஏற்கத்தக்க கொள்கையே. ஆனால் எட்டுக்கு ஐந்து என்பது ஒரு விகிதம், எட்டுக்குப் பூஜ்யம் என்பது விகிதமே அல்ல. எட்டு மணி நேரத்துக்கு உரிய ஓய்வூதியத்தில் ஐந்து மணி நேரத்துக்கு உரிய பங்கைக் கேட்பது பேராசையா?

பந்தலில் அமர்ந்த அந்த முதியவர், உவமையில் வரும் விடியற்கால வேலையாளைப் போன்றவர். தம் தெனாரியத்தைப் பெற்றுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம், முணுமுணுத்திருக்கவும் செய்யலாம். இரண்டையும் விடுத்து, கடைசி மணியில் வந்தவருக்கும் கூலி கிடைக்கும்வரை அவரோடு நிற்கிறார். இதைத்தான் தோழமை என்கிறோம். 1987-இல் வெளியிட்ட 'சொல்லிச்சித்தூதோ ரேயி சொசியாலிஸ்' சுற்றுமடலில் திருத்தந்தை 2-ஆம் ஜான் பால், தோழமை என்பது பிறர் துன்பம் கண்டு சற்று நேரம் உருகும் உணர்ச்சி அல்ல என்றும், பொது நலனுக்காகத் தன்னையே அளிக்கும் உறுதியான, தளராத தீர்மானம் என்றும் போதிக்கிறார்.

'தளராத' என்ற சொல்லுக்கு நம் வரலாறே சாட்சி. 1946 ஜூலை 11 அன்று அஞ்சல் ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டபோது, ஜூலை 29 அன்று கல்கத்தா நகரமே அவர்களுக்காக வேலையை நிறுத்தியது. இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்றார்கள். பதினெட்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அதே நகரில் மதக் கலவரம் வெடித்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஒரு நாள் எழுச்சி தானாகவே தோழமையாகிவிடாது. நாள்தோறும் பேணிக் காக்காவிட்டால் அது கருகிவிடும்.

வேலைநிறுத்தம் பற்றித் திருச்சபை

1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை நிலைநாட்டியது. 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை 14-ஆம் லியோ, தாம் இப்பெயரைத் தெரிந்துகொண்டதற்கு அச்சுற்றுமடலே முக்கிய காரணம் என்று கர்தினால்களிடம் எடுத்துரைத்தார். பேச்சுவார்த்தைகள் பயனளிக்காதபோது வேலைநிறுத்தம் தவிர்க்க முடியாத வழியாகலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. 1981-இன் 'லபோரெம் எக்செர்ச்சென்ஸ்' சுற்றுமடல் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. போராடியதற்காகத் தொழிலாளரைத் தண்டிக்கக் கூடாது. அதே வேளையில் வேலைநிறுத்தம் கடைசி ஆயுதமாகவே இருக்க வேண்டும், அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது, மக்களுக்கு இன்றியமையாத சேவைகள் தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசிக் கருத்தை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. கிராம அஞ்சலகம் மூடினால் முதலில் துன்புறுகிறவர் பணக்காரர் அல்லர். வங்கிக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இல்லாத மூதாட்டி, நூறு நாள் வேலைக் கூலிக்குக் காத்திருந்தவர், நேர்முகத் தேர்வுக் கடிதத்தை எதிர்பார்த்த இளைஞர் ஆகியோரே. ஏழைக்காகப் போராடும்போது இன்னோர் ஏழை அடிபடுகிறார் என்பது கிராம அஞ்சல் வேலைநிறுத்தத்தின் வேதனையான முரண்.

அந்த ஓய்வு பெற்ற தபால்காரர் இதற்கும் ஒரு வழி கண்டார். காலையில் பந்தலில் அமர்வார். பிற்பகலில் தாம் கடிதம் கொடுத்த பழைய தெருக்களுக்குப் போவார். அவசரமாகப் பணம் தேவைப்பட்ட முதியோரைப் பேருந்தில் தலைமை அஞ்சலகத்துக்கு அழைத்துவந்து, படிவம் எழுதிக் கொடுத்து, பணம் எடுக்க உதவுவார். போராட்டம் எதற்காக என்றும் வழியில் விளக்குவார். இதைக் காட்டிக்கொடுக்கும் செயல் என்று பந்தலில் இருந்தவர்கள் எவரும் சொல்லவில்லை. ஊர் மக்கள் தங்கள் பக்கம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். இரு தரப்புத் துன்பத்தையும் தன் தோளில் ஏற்பதே கிறிஸ்தவத் தோழமைக்கு அழகு. உடலின் ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற உறுப்புகளும் சேர்ந்து துன்புறும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளும் இதுவே.

ஓய்வு தரும் சுதந்திரம்

பணியில் இருப்பவர் குரல் எழுப்பினால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பர் 19 அன்றும் மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவசரச் சட்டங்கள் பாய்ந்தன. பலர் வேலை இழந்தார்கள், சிறை சென்றார்கள். 1968-இல் உயிர்களும் பலியாயின. அண்மையில், 2023 ஏப்ரலில், விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி அளித்தது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்துக்கும் அதைச் சார்ந்த ஒரு சங்கத்துக்கும் அளித்திருந்த அங்கீகாரத்தை அஞ்சல் துறை விலக்கிக்கொண்டது. விதிகளைப் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிறர் போராட்டத்துக்குக் கைகொடுப்பது எவ்வளவு விலையுள்ள செயல் என்பதை இது காட்டுகிறது.

ஓய்வு பெற்றவருக்கு இடமாற்றம் இல்லை, விளக்கம் கேட்கும் மெமோ இல்லை, பதவி உயர்வு தடைபடும் என்ற அச்சமும் இல்லை. நேரமும் அனுபவமும் அவரிடம் உண்டு. முதுமையை வெறும் காத்திருப்பாகக் கருதும் உலகில், இந்தச் சுதந்திரத்தைப் பேச முடியாதவர்களுக்காகப் பயன்படுத்துவது ஓர் அழைத்தல் என்றே சொல்லலாம். ஊதியக் குழுவிடம் தங்கள் ஓய்வூதியத்துக்காக மனு எழுதும் கைகள், கிராம அஞ்சல் ஊழியருக்காகவும் ஒரு பத்தி எழுதினால் என்ன?

நம் வாசலில்

1971-ஆம் ஆண்டு உலக ஆயர் மன்றம், நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர் முதலில் மக்கள் பார்வையில் நீதியுள்ளவராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அரசைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வி நம் வாசலுக்கும் உரியது. கிளைக் கிராமங்களில் செபம் நடத்தி, நோயாளிகளைச் சந்தித்து, இறந்தோரை அடக்கம் செய்ய முன்நிற்கும் உபதேசியார், அதிகாலையில் ஆலய மணி அடிக்கும் கோவில்பிள்ளை, நிறுவனங்களில் துப்புரவுப் பணி செய்யும் சகோதரி ஆகியோர் 65 வயதில் எதைக் கொண்டு வாழ்வார்கள்? அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா? 'பகுதிநேரம்' என்ற பெயரில் முழு வாழ்வையும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எங்கிருந்தாலும் அது கடவுளின் கண்ணுக்குத் தப்பாது. கொடாமல் நிறுத்திய கூலி கூக்குரலிடுகிறது என்ற யாக்கோபின் எச்சரிக்கை எல்லோருக்கும் பொதுவானது.

எனவே சில செயல்களை முன்வைக்கிறோம். அன்பியக் கூட்டங்களில் உங்கள் ஊர்க் கிளை அஞ்சலக ஊழியரை அழைத்து அவர் நிலையைக் கேளுங்கள். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினத்தில், ஓய்வூதியம் இல்லாத முதிய உழைப்பாளர்களைப் பங்குதோறும் கணக்கெடுத்து அவர்களுக்கு வழிகாட்டுங்கள். மே 1, தொழிலாளரான புனித யோசேப்பு விழாவில், பங்கில் பணிபுரிவோரின் ஊதியமும் சேமிப்பும் பங்குப் பேரவையின் விவாதப் பொருளாகட்டும். ஓய்வு பெற்றோர் தங்கள் சங்கங்கள் வழியே கிராம அஞ்சல் ஊழியரின் கோரிக்கைக்கு எழுத்து வடிவில் ஆதரவு தெரிவிக்கட்டும்.

உழைத்துக் களைத்த கைகளைத் தொட்டு ஆசீர்வதிக்கும் ஆண்டவர், தம் கூலியைப் பெற்றுக்கொண்டவர்களின் உள்ளத்தில் இன்னும் பெறாதவர்களின் நினைவை வைத்துக் காப்பாராக.